விரல் தொடுவதற்கு முன் மூன்று நொடி

என் தங்கைக்கு அந்த மெசேஜ் வந்தபோது இரவு ஒன்பது மணி இருக்கும். மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையில் போனைப் பார்த்திருக்கிறாள். அனுப்பியவள் பள்ளிக்கூடத்துத் தோழி. டிபியில் அவள் படம், மேலே அவள் பெயர். போன வாரம் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் அதே பக்கத்தில் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே புதிதாக இது:

“அக்கா, ஒரு அவசரம். என் போன்ல ஏதோ பிரச்சனை. தெரியாம ஒரு கோட் உங்க நம்பருக்கு வந்துடுச்சு. அந்த ஆறு நம்பரை மட்டும் சீக்கிரம் அனுப்புங்க அக்கா, டைம் முடியப்போகுது.”

கோட் உண்மையாகவே வந்திருந்தது. தங்கை அதை அப்படியே அனுப்பிவிட்டாள். குழந்தையைப் படுக்கையில் கிடத்திவிட்டு வந்து பார்த்தால், அவளுடைய போனிலேயே அவள் கணக்கு இல்லை.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. இருபது வருஷத் தோழி ஒருநாளும் அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டதில்லை. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். ‘ஏய்’, ‘வாடி’, ‘எங்கடி தொலைஞ்ச’ என்பதுதான் அவர்கள் பாஷை. அந்த மெசேஜில் இருந்த மரியாதையே, எழுதியது தோழி இல்லை என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. “படிக்கும்போதே என்னமோ மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. ஆனா அதுக்குள்ள கை அனுப்பிடுச்சு” என்றாள்.

‘அதுக்குள்ள கை அனுப்பிடுச்சு’ என்ற அந்தப் பேச்சு என்னை விடவே இல்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது தங்கைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எங்கள் அம்மாவுக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். தெரிந்த விஷயம் மனசில் மேலே வருவதற்குள் விரல் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். சமூக ஊடகத்தில் நாம் ஏமாறுவதும், பொய்யைப் பரப்புவதும், யாரையோ காயப்படுத்திவிட்டுப் பிறகு வருந்துவதும் பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் ‘பாதுகாப்பு’ என்றும் ‘பொறுப்பு’ என்றும் இரண்டு தனித்தனிப் பாடமாக இதைப் பிரிக்க எனக்கு மனமில்லை. இரண்டுக்கும் வேண்டியது தொடுவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளி எப்படிக் காணாமல் போனது, அதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதுதான் விஷயம்.

வேகம் எங்கிருந்து வந்தது

இணையம் முதலில் இவ்வளவு வேகமாக இல்லை. ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால் கீழே ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொடலாமா, போதுமா என்று யோசிக்க ஒரு கணம் கிடைக்கும். 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், முடிவே இல்லாமல் கீழே நகர்ந்துகொண்டே போகும் பக்கத்தை உருவாக்கினார். வசதிக்காகச் செய்தது. மனிதர்களின் நேரத்தை அது எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்துவிட்டு, பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

ட்விட்டரில் ஆரம்பத்தில் இன்னொருவர் எழுதியதைப் பகிர வேண்டுமென்றால், அதை நகலெடுத்து, ஒட்டி, யார் எழுதியது என்று பெயரும் சேர்த்துப் போட வேண்டும். அதற்குள் ஒரு தடவையாவது படித்துவிடுவோம். 2009-ல் ஒரே தொடுதலில் மறுபகிர்வு செய்யும் பொத்தான் வந்தது. அதே ஆண்டில்தான் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தானும் வந்தது. கோபம், சிரிப்பு, பயம் எது வந்தாலும் அது அடங்குவதற்குள் ஆயிரம் பேருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் ஏற்பாடு இப்படித்தான் உருவானது.

இதன் விளைவை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய, உண்மையா பொய்யா என்று சரிபார்க்கப்பட்ட செய்திகளை எடுத்து ஆராய்ந்தார்கள். 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகள் வெளியாயின. உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய, பொய்யைவிட உண்மைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதைத் தானியங்கிக் கணக்குகளின் வேலை என்று தள்ளிவிடவும் முடியாது. அவை உண்மையையும் பொய்யையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரப்பின. வித்தியாசத்தை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். பொய்யில் புதுமை இருந்தது. அதற்கு வந்த பதில்களில் ஆச்சரியமும் அருவருப்பும் அதிகம் இருந்தன. நெஞ்சைத் தொட்டதும் விரலும் தொட்டுவிடுகிறது.

இடைவெளியைத் திரும்ப வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. வாட்ஸ்அப் 2019 ஜனவரியில், ஒரு மெசேஜை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குரூப்புக்கு மேல் ஃபார்வேர்ட் செய்ய முடியாது என்று உலகம் முழுக்கக் கட்டுப்பாடு வைத்தது. அதற்கு முன் 20 வரை அனுப்பலாம். ஃபார்வேர்டுகள் சுமார் 25 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனம் சொன்னது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த மெசேஜை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று மாற்றியதும் அப்படிப்பட்டவை 70 சதவீதம் குறைந்தன. மெசேஜை யாரும் தடை செய்யவில்லை. வேண்டியவர்கள் ஒவ்வொருவராகத் தேடி அனுப்பலாம். அந்தச் சின்ன சிரமமே போதுமானதாக இருந்தது. அதே 2020-ல், ஒரு கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்காமல் பகிரப் போனவர்களிடம் ‘முதலில் படிக்கிறீர்களா?’ என்று ட்விட்டர் கேட்டுப் பார்த்தது. கேட்டபிறகு கட்டுரையைத் திறப்பது 40 சதவீதம் கூடியது. கேள்வி ஒன்றுதான், அதைப் புறக்கணிக்கவும் முடியும். ஆனாலும் வேலை செய்தது.

திருடனுக்கு வேண்டியது நம் அவசரம்

தங்கையின் கதைக்குத் திரும்புகிறேன். அந்த ஆறு இலக்க எண் எப்படி வந்தது? திருடன் தன்னுடைய போனில் அந்த ஆப்பை நிறுவி, நம்பர் கேட்கும் இடத்தில் தங்கையின் நம்பரைப் போட்டிருக்கிறான். ‘இந்த நம்பருக்குச் சொந்தக்காரர் நீங்கள்தானா?’ என்று உறுதிசெய்ய, ஆப் அந்த நம்பருக்கு ஒரு எண் அனுப்புகிறது. அந்த எண்ணை யார் சொல்கிறாரோ அவரையே சொந்தக்காரர் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே தோழியின் கணக்குக்கான கோட் தவறுதலாக வேறு ஒருவர் நம்பருக்கு ‘வந்துவிடாது’. நம் நம்பருக்கு ஒரு கோட் வந்தால், அது நம்முடைய ஏதோ ஒரு பூட்டுக்கான சாவி. இந்த ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் ‘யாரிடமும் சொல்லாதே’ என்று தனியாக மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

தோழியின் கணக்கும் அதே மாலையில் அதே மாதிரிதான் பறிபோயிருந்தது. அவளிடம் கேட்டது அவளுக்குத் தெரிந்த இன்னொருவரின் பெயரில். ஒவ்வொரு கணக்கும் அடுத்த கணக்கைப் பிடிக்கும் தூண்டிலாகிறது. தங்கையின் கணக்கு கைமாறிய அரைமணி நேரத்துக்குள் சொந்தக்காரர்கள் மூன்று பேருக்குப் பணம் கேட்டு மெசேஜ் போயிருந்தது. இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். பெரியப்பா மட்டும் சாதாரண போனில் கூப்பிட்டு, “என்னம்மா, திடீர்னு பணம் கேட்டிருக்க? உடம்புக்கு ஏதும் இல்லையே?” என்று கேட்டார். அப்போதுதான் நடப்பதே எங்களுக்குத் தெரியவந்தது. நம்முடைய கணக்கு நம் சொந்த விவகாரம் மட்டும் இல்லை. நம் போனில் பெயர் சேமித்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அது ஒரு வாசல்.

பெரியப்பா செய்த காரியம் சாதாரணமாகத் தெரியலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல தற்காப்பு கிடையாது. கேட்டது ஒரு வழியில் வந்தால், இன்னொரு வழியில் போய்க் கேட்பது. மெசேஜில் வந்தால் போன் போடுவது. போனில் வந்தால் வைத்துவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு நாமே கூப்பிடுவது. மெசேஜிலேயே கொடுத்திருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டால் திருடனிடமே போய் ‘நீங்கள் திருடரா?’ என்று கேட்ட மாதிரி ஆகும்.

குரல் கேட்டேன், முகம் பார்த்தேன் என்பதும் இனிப் போதாது. 2024-ன் தொடக்கத்தில் ஹாங்காங்கில் அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவர் வீடியோ கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டார். தலைமை நிதி அதிகாரியும் உடன் வேலை செய்பவர்களும் திரையில் பேசினார்கள். அவர்கள் சொன்னபடி சுமார் 2.5 கோடி அமெரிக்க டாலரை அனுப்பினார். திரையில் தெரிந்த அத்தனை முகங்களும் கணினியில் உருவாக்கியவை. அவருக்கு வந்த முதல் மின்னஞ்சல் மீது அவருக்கே சந்தேகம் இருந்தது; தெரிந்த முகங்களைப் பார்த்ததும் அந்தச் சந்தேகம் போய்விட்டது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு கேள்வியும் பதிலும் வைத்திருக்கிறோம். அந்தப் பதில் எந்தப் படத்திலும், எந்தப் பதிவிலும் இல்லை. நடுராத்திரி அழுதுகொண்டே யாராவது பணம் கேட்டால் முதலில் அந்தக் கேள்விதான்.

விவரம் தெரிந்தவர்கள் இதில் விழமாட்டார்கள் என்ற நினைப்பும் தவறு. 2020 ஜூலையில் பராக் ஒபாமா, பில் கேட்ஸ், ஈலான் மஸ்க் போன்றவர்களின் ட்விட்டர் கணக்குகளிலிருந்து ‘பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்’ என்று பதிவுகள் வந்தன. இதற்காகப் பெரிய கணினி வித்தை எதுவும் நடக்கவில்லை. நிறுவனத்தின் ஊழியர்களுக்கே போன் போட்டு, உள்ளே இருக்கும் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து பேசுவதாக நம்பவைத்து விவரங்களை வாங்கினார்கள். மூளையாக இருந்து பிடிபட்டவனுக்கு அப்போது 17 வயது.

வார்த்தைகள் மாறும், வேடம் மாறும். அவசரம் மட்டும் மாறாது. ‘இன்னும் பத்து நிமிஷத்தில் உங்கள் கணக்கு முடக்கப்படும்’, ‘இன்றே கடைசி நாள்’, ‘வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்’. ஆசை, பயம், பாசம், வெட்கம் என்று இந்த நான்கில் ஒன்றைத் தொட்டு நம்மை ஓட வைப்பார்கள். ‘பதறாத காரியம் சிதறாது’ என்று சொன்னவர்களுக்கு ஓடிபி தெரியாது. மனுஷ மனசு தெரிந்திருந்தது. யாராவது நம்மை அவசரப்படுத்தினால், அந்த அவசரமே நிற்பதற்கான காரணம்.

விரலை நம்பாமல் முன்கூட்டியே பூட்டுவது

எப்போதும் நிதானமாக இருப்போம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தூக்கக் கலக்கம் வரும், குழந்தை அழும். அதனால் நிதானமாக இருக்கும் ஒரு நாளில் உட்கார்ந்து, நிதானம் தவறும் நாளுக்காகச் சில ஏற்பாடுகள் செய்துவைக்க வேண்டும்.

முதலில் மின்னஞ்சல். எல்லோரும் சமூக ஊடகக் கணக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்று எங்கே தட்டினாலும் மாற்றுவதற்கான லிங்க் வருவது மின்னஞ்சலுக்குத்தான். அது ஒன்று போனால் மற்றதெல்லாம் வரிசையாகப் போகும். அதற்கு மட்டும் வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் இருக்கட்டும்.

பாஸ்வேர்ட் என்றதும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். இந்த விதிகள் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காக 2003-ல் எழுதப்பட்ட ஆவணத்திலிருந்து உலகமெங்கும் பரவியவை. அதை எழுதிய பில் பர், 2017-ல் அந்த அறிவுரைகளில் பலவற்றுக்காக வருந்துவதாகச் சொன்னார். மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் 1-லிருந்து 2-ஆக மாற்றினார்கள். அதே ஆண்டு அந்த நிறுவனம் விதிகளையே திருத்தியது: நீளம்தான் முக்கியம், கசிந்ததற்கு அடையாளம் இல்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சம்பந்தமே இல்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், உடைக்கவும் கடினம்.

ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் போடுவதுதான் உண்மையான ஆபத்து. 2012-ல் லிங்க்டுஇன் தளத்திலிருந்து பாஸ்வேர்டுகள் திருடுபோயின. 65 லட்சம் என்றுதான் அப்போது வெளியே தெரிந்தது. நாலு வருஷம் கழித்து, 2016-ல், 11 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் விற்பனைக்கு வந்தன. அந்த நாலு வருஷமும் அதே பாஸ்வேர்டை வேறெங்கோ பயன்படுத்தியவர்கள் திறந்த கதவோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாதுதான். அதற்குத்தான் பாஸ்வேர்ட் மேனேஜர் ஆப்கள் இருக்கின்றன. போன், பிரவுசர் இவற்றோடு வரும் மேனேஜரே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

முதல் பூட்டைத் திறந்தபிறகும் இரண்டாவதாக இன்னொரு எண்ணைக் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை எல்லாக் கணக்கிலும் போட்டுவிடுங்கள். தங்கை அதை முன்பே போட்டு ஒரு பின் நம்பர் வைத்திருந்தால், ஆறு இலக்கத்தைக் கொடுத்த பிறகும் திருடன் வாசலிலேயே நின்றிருப்பான். எஸ்எம்எஸ்ஸில் வரும் கோட் எதுவும் இல்லாததைவிட எவ்வளவோ மேல். ஆனால் நம் நம்பரையே வேறு சிம்முக்கு மாற்றி வாங்கிவிடும் திருட்டு ஒன்று இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அன்றைய தலைவர் ஜாக் டோர்சியின் சொந்தக் கணக்கே அப்படித்தான் பறிபோனது. 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் சரிபார்ப்பு ஆப் அதைவிடப் பாதுகாப்பு. இப்போது பாஸ்கீ என்று ஒன்று பரவி வருகிறது. இதில் பாஸ்வேர்டே வேண்டாம், போனைத் திறக்கும் கைரேகையோ முகமோ போதும். இதில் எனக்குப் பிடித்தது, அது உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைந்திருப்பது. ஒரு எழுத்து மட்டும் மாறிய போலித் தளம் நம் கண்ணை ஏமாற்றலாம், பாஸ்கீயை ஏமாற்ற முடியாது.

நாம் அனுப்பியது யார் வாழ்க்கையில் போய் விழுகிறது

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் அதை ஃபேஸ்புக்கில் நேரலையாக ஒளிபரப்பினான். அந்த நிறுவனம் பின்னர் தந்த கணக்கு இது: நேரலையில் பார்த்தவர்கள் 200-க்கும் குறைவு. ஓடிக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவரும் ரிப்போர்ட் செய்யவில்லை. முதல் ரிப்போர்ட் வந்தது, தொடங்கி 29 நிமிஷம் கழித்து. அதாவது நேரலை முடிந்து 12 நிமிஷத்துக்குப் பிறகு. நீக்குவதற்குள் அதைச் சுமார் 4,000 தடவை பார்த்திருந்தார்கள். அடுத்த 24 மணி நேரத்தில் உலகெங்கும் அதன் 15 லட்சம் பிரதிகளை நீக்க வேண்டிவந்தது. அவற்றில் 12 லட்சம் ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை.

4,000 பார்வையிலிருந்து 15 லட்சம் பிரதிகள். அதை ஏற்றியவர்கள் எல்லோரும் கொலைகாரனின் ஆட்கள் என்று நான் நம்பவில்லை. ‘எவ்வளவு கொடூரம் பாருங்கள்’ என்று கொதித்துப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் எந்த எண்ணத்தோடு பகிர்ந்தோம் என்பது வீடியோவோடு கூடவே போவதில்லை. கண்டித்துப் பகிர்ந்தாலும் அது பகிர்வுதான். கொடூரமான ஒன்றைப் பார்த்தால் செய்ய வேண்டியது இரண்டு: ரிப்போர்ட் செய்வது, நம்மோடு நிறுத்திக்கொள்வது. ‘வேறு யாராவது ரிப்போர்ட் செய்திருப்பார்கள்’ என்று அந்த 200 பேரும் நினைத்திருக்கக்கூடும்.

நல்லெண்ணமே கொடுமையாக மாறிய சம்பவமும் உண்டு. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு, ரெடிட் தளத்தில் பலர் படங்களை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முயன்றார்கள். காணாமல் போயிருந்த ஓர் இளைஞரைக் குற்றவாளி என்று தவறாகக் காட்டினார்கள். மகனைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பத்தின்மீது வசைமாரி விழுந்தது. சில நாள் கழித்து அந்த இளைஞரின் உடல் கிடைத்தது. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ரெடிட் மன்னிப்புக் கேட்டது. ‘இவனைப் பிடிக்கும்வரை பகிருங்கள்’ என்று ஒரு முகத்தோடு ஃபார்வேர்ட் வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடும்பம்தான் ஞாபகம் வருகிறது.

குரூப்பில் வரும் பொய்களில் முழுக்கக் கட்டியவை குறைவு. எங்கோ எப்போதோ எடுத்த உண்மையான படத்துக்குப் புதிதாக எழுதிய தலைப்புதான் அதிகம். அதனால் படத்தை கூகுள் லென்ஸில் போட்டு, இதற்கு முன் எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதிக் குட்டு உடைந்துவிடும். தேதி இருக்கிறதா, இடம் இருக்கிறதா, வேறு எந்தச் செய்தி நிறுவனமாவது சொல்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷம் இல்லையென்றால் அனுப்பாமல் விடலாம். அனுப்பாததால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

சரி, பெரியவர்கள் அனுப்பினால்? குரூப்பில் வைத்து ‘இது பொய்’ என்று போட்டால் அவர் முகம் சுருங்கும், அடுத்த முறை இன்னும் பிடிவாதமாக அனுப்புவார். நான் தனியாகத்தான் எழுதுவேன்: “சித்தப்பா, நீங்க போட்ட படம் பழசுன்னு தெரியுது, லிங்க் அனுப்பியிருக்கேன் பாருங்க. நீங்களே குரூப்ல ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லா இருக்கும்.” பெரும்பாலும் அவரே எடுத்துவிடுவார். இப்போது சில நேரம் அனுப்புவதற்கு முன் என்னிடம் கேட்கிறார்.

நம்மோடு நிற்காத இன்னொரு விஷயம், நாம் தரும் அனுமதிகள். ‘உங்கள் குணம் என்ன’ என்பது மாதிரி ஒரு கேள்வி-பதில் ஆப்பை ஃபேஸ்புக்கில் சுமார் 2.7 லட்சம் பேர் போட்டார்கள். அன்றைய விதிப்படி அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் அது எடுத்துக்கொள்ள முடிந்தது. அந்த விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போன விவகாரம் 2018-ல் வெடித்தபோது, 8.7 கோடி பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. அவர்களில் பெரும்பாலானவர்கள் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னவர்கள் இல்லை. விதிகள் இப்போது மாறிவிட்டன. ஆனாலும் ஒரு ஆப் நம் தொடர்புப் பட்டியலைக் கேட்கும்போது, அதில் இருக்கும் நூறு பேர் சார்பாக நாம் பதில் சொல்கிறோம் என்பதில் மாற்றமில்லை.

படங்களும் அப்படியே. குழந்தை குளிக்கும்போது எடுத்த படம் இன்று நமக்கு அழகு. பதினைந்து வயதில் அந்தப் பிள்ளைக்கு அது என்னவாக இருக்கும்? பேசத் தெரிந்த குழந்தையிடம் ‘போடட்டுமா?’ என்று கேட்டுப் பழகலாம். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். பள்ளிச் சீருடையும் பெயர்ப் பட்டையும் தெரியும் படம், அந்தக் குழந்தை எங்கே எந்த நேரத்தில் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இருப்பிடம் எவ்வளவு எளிதாகக் கசியும் என்பதற்கு ஸ்ட்ராவா உடற்பயிற்சி ஆப் ஓர் உதாரணம். 2017-ல் அது பயனர்கள் ஓடிய பாதைகளை எல்லாம் சேர்த்து உலக வரைபடமாக வெளியிட்டது. யார் பெயரும் அதில் இல்லை. ஆனால் ஆளில்லாத பாலைவனத்தின் நடுவே பளிச்சென்று தெரிந்த கோடுகள், ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய பாதைகள் என்பது 2018 ஜனவரியில் தெரியவந்தது. பயணப் படங்களை ஊர் திரும்பிய பிறகு போட்டால் அவற்றின் அழகு எதுவும் குறைந்துவிடாது.

நடந்துவிட்டால்

தங்கைக்கு அன்றிரவு நாங்கள் செய்தது இவ்வளவுதான். முதல் வேலையாகத் தெரிந்த எல்லோருக்கும் சாதாரண போனில் சொன்னோம். நம்பர் அவளிடமே இருந்ததால் அதே ஆப்பில் திரும்பப் பதிவு செய்தோம். புதிய கோட் வந்து, அதைப் போட்டதும் திருடனின் போனிலிருந்து கணக்கு தானாக வெளியேறிவிட்டது. பணம் அனுப்பிய இருவரையும் உடனே வங்கிக்குப் பேசச் சொன்னோம். இதில் மட்டும் வேகம் வேண்டும்: பணம் அடுத்தடுத்த கைக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் தடுக்கச் சிறிதாவது வாய்ப்பு இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டோம். அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடத்தான் தோன்றும்; அழித்தால் புகாருக்கு ஆதாரம் இருக்காது.

பணத்தைவிட அதிகம் வதைப்பது அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுவது. ‘பணம் தா, இல்லாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன்’ என்று வரும்போது, கொடுத்தால் முடிந்துவிடும் என்று தோன்றும். முடியாது. கொடுப்பவர் என்று தெரிந்தால் மேலும் கேட்பார்கள். பேச்சை நிறுத்தி, ஆதாரத்தை வைத்துக்கொண்டு, பிளாக் செய்து, காவல்துறையிடம் போவதுதான் வழி. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற சேவையும் இருக்கிறது. படத்தை அங்கே அனுப்பத் தேவையில்லை. நம் போனிலேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு குறியீடு உருவாகி, அந்தக் குறியீடு மட்டும் போகும். இணைந்திருக்கும் சமூக ஊடக நிறுவனங்கள் அதே குறியீட்டோடு வரும் படத்தைத் தடுக்கும். 18 வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் அதே முறையில் இயங்கும் ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை இருக்கிறது.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் கணக்கு என்ற விவாதம் முடியாது போலிருக்கிறது. பல தளங்களில் காணும் 13 என்ற எல்லை, குழந்தை வளர்ச்சியைக் கணக்குப் போட்டு எட்டிய எண் இல்லை. 13 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டக்கூடாது என்று 1998-ல் அமெரிக்கா போட்ட சட்டத்திலிருந்து வந்தது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முக்கியத் தளங்களில் கணக்கு இருக்கக்கூடாது என்று நடைமுறைப்படுத்தியிருக்கிறது. வயது எல்லை ஓரளவு உதவும். ஆனால் மாட்டிக்கொண்ட பிள்ளை யாரிடம் வந்து சொல்லும் என்பதை எந்தச் சட்டமும் தீர்மானிப்பதில்லை. மிரட்டுகிறவனின் முழு பலமும் ‘வீட்டில் தெரிந்தால் தொலைந்தோம்’ என்ற பிள்ளையின் பயத்தில்தான் இருக்கிறது.

அதனால் அந்த முதல் வார்த்தையை நான் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கிறேன். ‘உனக்கு அறிவில்லையா’ என்பதுதான் என் வாயில் முதலில் வரும், எனக்கே தெரியும். போனைப் பிடுங்கத்தான் கை நீளும். அங்கேயும் அந்த மூன்று நொடி வேண்டும். அதற்கு அப்புறம்: “எங்கிட்ட வந்து சொன்னியே, அது போதும். வா, உட்காரு. என்ன வந்திருக்குன்னு சேர்ந்து பார்ப்போம்.”